அண்ணனுக்கு யாருடைய சிறுநீரகம்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுக் கூடத்தில் குடும்பமே கூடியிருந்தது. பெரியண்ணனுக்கு வயது 46. மூன்று வருடமாக டயாலிசிஸ்: வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ளலாம், வீட்டில் கொடுக்கக்கூடியவர்கள் யாராவது இருக்கிறார்களா பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பேசத்தான் கூடினோம்.

பேச்சு தொடங்கியதும் மாமா ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைச் சத்தமாக வாசித்தார். இரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் தடைபட்டாலும் பெண்களின் சிறுநீரகம் தாங்குமாம், ஆண்களுடையது சீக்கிரம் கெட்டுவிடுமாம், விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாம். அவர் வாசித்து முடித்ததும் எல்லாருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது. "அப்போ தங்கச்சி கொடுக்கிறதுதான் சரி" என்றார் சித்தி. அம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அண்ணனுக்காக எதையும் கொடுப்பேன். ஆனால் கோலாலம்பூரில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு வரிச் செய்தியை நம்பி ஒருவரைக் கத்திக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்த ஒருவர் நானாக இல்லாவிட்டாலும். செந்தூல் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு மாதம் இதைத்தான் படித்தேன். இதே முடிவை எடுக்க வேண்டிய வேறு வீடுகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்தி உண்மையா? பாதி உண்மை. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் முடிவே வேறு பக்கம் போகிறது.

சிறுநீரகங்கள் இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. போகிற இரத்தத்தில் பெரும்பகுதி வெளி அடுக்கான புறணிக்கு. உள்ளே இருக்கும் அகணிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் கடினமான வேலையைச் செய்யும் நுண்குழாய்கள் பல அந்த எல்லையில்தான் இருக்கின்றன. அவை எப்போதும் ஆக்ஸிஜன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே வாழ்கின்றன. இரத்தம் நின்றால் முதலில் தவிப்பது அவைதான்.

ஆனால் சேதம் முழுவதும் இரத்தம் நின்றபோது நடப்பதில்லை. பினாங்கில் தண்ணீர் வெட்டு வந்த வீடுகளுக்கு இது எளிதில் புரியும். இரண்டு நாள் குழாய் காய்ந்து கிடந்துவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் கொட்டுவது துரு கலந்த சிவப்புக் கலங்கல். சிறுநீரகத்திலும் அப்படித்தான். இரத்தம் திரும்பும் அந்த நிமிடங்களில் ஆக்ஸிஜன் கண்டபடி வினைபுரிகிறது, செல்களின் சவ்வு அரிக்கப்படுகிறது, வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து அழற்சியைக் கூட்டுகின்றன, வீங்கிய செல்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. துரு என்று சொன்னதும் வெறும் உவமை இல்லை. செல்லுக்குள் இருக்கும் இரும்பின் துணையோடு சவ்வின் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து செல் சாவதற்கு ஃபெரோப்டோசிஸ் என்றே பெயர். ஆண் எலி, பெண் எலி வித்தியாசத்தில் இந்த வகைச் சாவுக்குப் பெரிய பங்கு இருப்பதாக 2022-லும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையால் அதைப் பல வழிகளில் தடுக்கிறது என்று 2025-லும் ஆய்வுகள் வெளிவந்தன.

ஆண், பெண் வித்தியாசம் அதற்கும் முன்பே தெரிந்த விஷயம். 2004-ல் அமெரிக்காவில் ஜோசப் பான்வெண்ட்ரேயின் குழு சுண்டெலிகளின் சிறுநீரக இரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி மறுபடி திறந்து பார்த்தது. ஆண் எலிகளுக்குச் சேதம் அதிகம், பெண் எலிகளுக்குக் குறைவு. விரை நீக்கிய ஆண் எலிகளுக்குச் சேதம் குறைந்தது. பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது சேதம் கூடியது. ஆகவே வித்தியாசத்துக்கு ஹார்மோன் ஒரு முக்கியமான காரணம். இதுவரை மாமா வாசித்த செய்தி சரிதான்.

எங்கள் வீட்டுக் கேள்விக்கு இது மட்டும் போதாது. எடுத்து வேறோர் உடம்பில் வைத்த பிறகும் அந்தத் தாங்கும் சக்தி கூடவே வருமா? 2016-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைத்தான் சோதித்தது. எலிகளுக்குள் சிறுநீரகத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் முடிவைத் தீர்மானித்தது கொடுத்த எலி ஆணா பெண்ணா என்பது அல்ல, பெற்ற எலி ஆணா பெண்ணா என்பதுதான். பெண் உடம்புக்குள் வைத்த சிறுநீரகம் நன்றாகத் தாங்கியது, ஆண் உடம்புக்குள் வைத்தது அந்த அளவுக்குத் தாங்கவில்லை. அதே குழு அமெரிக்காவில் சிறுநீரகம் பெற்ற 40,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளையும் அலசியது. மாற்றிய முதல் வாரத்திலேயே மறுபடி டயாலிசிஸ் தேவைப்படும் நிலை, அதாவது சிறுநீரகம் தூங்கிவிட்டு மெதுவாக விழிப்பது, பெற்றவர் பெண்ணாக இருந்தால் குறைவாகவே இருந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் உறுப்பில் ஒட்டிக்கொண்டு வரும் சொத்து இல்லை, உறுப்பைச் சுற்றி ஓடும் இரத்தத்தின் குணம். என்னுடைய சிறுநீரகத்தை எடுத்துப் பெரியண்ணனுக்குள் வைத்தால் அது அந்தக் கணத்திலிருந்து அண்ணனுடைய ஹார்மோன்களில் குளிக்கும். கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்ததற்குச் சொன்ன காரணம் எங்கள் விஷயத்தில் செல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் கொடுக்கும்போது இரத்தம் நிற்கும் நேரமே மிகக் குறைவு. இரத்தக் குழாயைக் கவ்வி, உறுப்பை வெளியே எடுத்து, குளிர்ந்த திரவத்தால் கழுவுவதற்குள் சில நிமிடங்கள்தான். ஒரே மருத்துவமனையில் இரண்டு அறுவையும் நடப்பதால் ஐஸில் கிடக்கும் நேரமும் குறைவு. இறந்தவரிடமிருந்து வரும் சிறுநீரகம் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் குளிரில் காத்திருக்கும். தாங்கும் சக்திக்கு உண்மையான சோதனை அங்கேதான். குடும்பத்துக்குள் கொடுப்பதில் அந்தச் சோதனையே சின்னது. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் வேலை செய்ய அங்கே அதிக இடமில்லை.

மனிதர்களிடம் இந்த வித்தியாசம் எலிகளில் போலத் தெளிவாகத் தெரிவதும் இல்லை. இதய அறுவைக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயத்தைக் கணக்கிட 2005-ல் கிளீவ்லாந்தில் உருவாக்கிய மதிப்பெண் முறையில் பெண் என்றால் ஒரு புள்ளி கூடுதல். அதாவது பெண்ணுக்கு அபாயம் அதிகம் என்று கணக்கு. 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவமனையில் வரும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு பெண்களுக்குக் குறைவு என்றது. இரண்டும் எப்படி முரண்படுகின்றன என்று யோசித்தபோது என் வேலைதான் நினைவுக்கு வந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நாங்கள் இரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெண்ணுக்கு இயல்பான அளவே லிட்டருக்கு 50, 60 மைக்ரோமோல் இருக்கும். வாட்டசாட்டமான ஆணுக்கு 90, 100 இருக்கும். 48 மணி நேரத்துக்குள் 26.5 கூடினால் பாதிப்பு என்பது விதி. இருவருக்கும் ஒரே 26.5-தான், ஆனால் ஒருவருக்கு அது பாதி, மற்றவருக்குக் கால் பங்கு. அளவுகோலே இப்படி இருக்கும்போது ஆணையும் பெண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அப்புறம், அறுவைக்கு வரும் பெண்கள் பலர் மாதவிடாய் நின்ற வயதினர். எலிக்கூண்டில் இருப்பவை இளம் எலிகள்.

சரி, அந்தக் காரணம் போனது. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எங்களுக்கு முன்னால் நான்கு வழி இருந்தது.

பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, இறந்த ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பது ஒன்று. இதில் வீட்டில் யார் வயிற்றையும் கிழிக்க வேண்டாம். அம்மாவின் மனம் இதில்தான் இருந்தது. ஆனால் மலேசியாவில் காத்திருப்பவர்கள் 10,000 பேருக்கும் மேல். இறந்த பிறகு உறுப்பு கொடுப்பவர்களோ மிகக் குறைவு. ஒருவர் உயிரோடு இருக்கும்போது உறுதிமொழி கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பத்தார் வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. அண்ணன் டயாலிசிஸில் இருக்கும் ஒவ்வொரு வருடமும் இதயத்தையும் இரத்தக் குழாயையும் தேய்க்கிறது. காலம் நீள நீள, பிறகு கிடைக்கும் சிறுநீரகம் உழைக்கும் காலமும் குறைகிறது.

இரத்தம் நின்று திரும்பும் சேதம் முழுமையாக நடக்கும் வழியும் இதுதான். 2009-ல் ஐரோப்பாவில் ஒரே கொடையாளியின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸ் பெட்டியிலும் மற்றொன்றைக் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும் கருவியிலும் வைத்து ஒப்பிட்டார்கள். விழிக்கத் தாமதமானவை ஐஸ் பெட்டியில் நூற்றுக்கு 26.5, கருவியில் 20.8. 2015-ல் அமெரிக்காவில் மூளைச்சாவு அடைந்த கொடையாளியின் உடம்பை ஓரிரு டிகிரி குளிர்வித்தே வைத்திருந்தபோது 39 என்பது 28 ஆகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் நால்வரில் ஒருவர் என்ற கணக்கு மனதை உறுத்துகிறது. உயிரோடு இருப்பவர் கொடுக்கும்போது இது நூற்றில் சிலர்தான். பட்டியலில் பெயரைப் போட்டோம். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து அண்ணி. இந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே அவர் டாக்டரிடம் தனியாகப் போய், "நான் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. 43 வயது, பக்கத்து ஊரான பிறையில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். இரத்த வகை பொருந்துகிறது. இரத்த உறவு இல்லையே, ஒத்துக்கொள்ளுமா என்று சித்தப்பா கேட்டார். ஒத்துக்கொள்ளும். 1995-ல் பால் தெராசாகியின் குழு அமெரிக்கப் பதிவுகளை அலசியபோது, கணவனோ மனைவியோ கொடுத்த சிறுநீரகம் மூன்று வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 85 பேரிடம் வேலை செய்துகொண்டிருந்தது. பெற்றோர் கொடுத்தது 82. இறந்தவரிடமிருந்து வந்தது 70. மருந்துகள் அதற்குப் பிறகு நிறைய முன்னேறிவிட்டன, இன்று எல்லா எண்ணும் கூடியிருக்கும். ஆனால் அந்த ஒப்பீடு சொன்ன பாடம் மாறவில்லை. தம்பதியருக்குள் திசுப் பொருத்தம் மோசம், இருந்தும் முடிவு நன்றாக இருந்தது. காரணம், அடிபடாத சிறுநீரகம். இரத்த ஓட்டம் ஒழுங்காக இருந்த உடம்பிலிருந்து எடுத்து உடனே வைத்த சிறுநீரகம். நான் படித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த எண்கள்தான். கொடுப்பவர் ஆணா பெண்ணா, உறவா உறவில்லையா என்பதைவிட, உறுப்பு எவ்வளவு நேரம் பட்டினி கிடந்தது என்பது பெரிய கேள்வி.

(நோயாளி மனைவியாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. பிள்ளை பெற்ற பெண்ணின் இரத்தத்தில் கணவனின் திசுக் குறிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் கர்ப்பத்தின்போதே உருவாகியிருக்கலாம். கணவனோ பிள்ளையோ கொடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் பார்ப்பார்கள். பெண் உடம்பு சிறுநீரகத்தை நன்றாகத் தாங்கும் என்று ஒரு பக்கம் இருந்தாலும், எதிர்ப்பொருள் இன்னொரு பக்கம் இழுக்கும்.)

அண்ணி விஷயத்தில் எனக்குத் தயக்கம் இரண்டு. அவர் எடை 47 கிலோ, அண்ணன் 74. பெண்ணின் சிறுநீரகம் பொதுவாகவே சிறியது. சின்ன உடம்பிலிருந்து பெரிய உடம்புக்குப் போகும் சிறுநீரகம் தன் சக்திக்கு மேல் உழைக்க வேண்டியிருக்கும். பெண் கொடுத்து ஆண் பெறும்போது நீண்ட கால முடிவு கொஞ்சம் பின்தங்குகிறது என்று பெரிய பதிவுகளில் பார்த்ததற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாட்ஸ்அப் செய்தி சொன்னதற்கு நேர் எதிர்த்திசை, கவனியுங்கள். இரண்டாவது தயக்கம் வீட்டைப் பற்றியது. ஒரே நாளில் அண்ணனும் அண்ணியும் அறுவை மேசையில் படுத்தால் அந்த இரண்டு பெண் பிள்ளைகளை யார் பார்ப்பது? அண்ணனுக்கு மருந்து நேரத்தை யார் கணக்கு வைப்பது? சம்பளம் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

அப்புறம் நான். 33 வயது, 58 கிலோ, இரத்த வகை பொருந்துகிறது. மகளுக்கு நான்கு வயது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நானும் என் கணவரும் ஆசைப்படுகிறோம். கனடாவில் நடந்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வை இரண்டு முறை படித்தேன். பெண்கள் சிறுநீரகம் கொடுத்த பிறகு உண்டான கர்ப்பங்களில் நூற்றுக்கு 11-ல் கர்ப்பகால இரத்த அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வந்தது. அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காத பெண்களின் கர்ப்பங்களில் நூற்றுக்கு 5-ல். கொடுத்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பெற்றெடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கொடுக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இது ஒரு விலை. கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தபோது இந்த விலையை யாரும் பேசவில்லை. என் கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கடைசியாகச் சின்னண்ணன். அன்றைக்கு அவர் பெயரே வரவில்லை. 40 வயது, 76 கிலோ, லாரி ஓட்டுகிறார், இரத்த வகை ஓ, ஆகவே பெரியண்ணனுக்குக் கொடுக்கலாம். அவர் வேலைக்குப் போகாவிட்டால் குடும்பம் என்னவாகும் என்ற பேச்சு எல்லார் மனதிலும் இருந்திருக்கும். அதில் நியாயம் இருக்கிறது. கொடுத்த பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, லாரியில் ஏறக் கூடாது. ஆனால் நானும் வேலைக்குப் போகிறேன், அண்ணியும் போகிறார். எங்கள் சம்பளம் நின்றால் வீடு சமாளித்துக்கொள்ளும், ஆண் சம்பளம் நின்றால் சமாளிக்காது என்று யார் கணக்குப் போட்டது? பல நாடுகளில் உயிரோடு கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பெறுபவர்களில் ஆண்கள்தான் அதிகம். அதற்குச் சிறுநீரகத்தின் தாங்கும் சக்தி காரணம் இல்லை. அறிவியல் செய்தி ஒன்று வந்து இந்தப் பழக்கத்துக்குப் புதிதாக ஒரு சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

எனக்குப் பிடிக்காத எண்ணையும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பவருக்கு அறுவையால் உயிர் போகும் அபாயம் மிகவும் சிறியது. அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட கொடையாளிகளைப் பார்த்த 2010 ஆய்வில், 90 நாளுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு 3.1 பேர். அதிலும் ஆண்களுக்கு 5.1, பெண்களுக்கு 1.7. கொடுப்பவரைப் பொறுத்தவரை ஆண், பெண் வித்தியாசம் இங்கே நிஜமாகவே இருக்கிறது, அது சின்னண்ணனுக்குச் சாதகமாக இல்லை. அவர் சிகரெட் பிடிப்பவர் வேறு. அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், பிறகும் தொடக் கூடாது. போன வருடம் கிளினிக்கில் இரத்த அழுத்தம் 134 காட்டியிருக்கிறது. அதை 24 மணி நேரமும் அளந்து பார்ப்பார்கள். பெரியண்ணனுக்கு வந்தது ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வரும் சிறுநீரக நோய். அதனால் உடன்பிறந்த எங்கள் இருவருக்கும் சிறுநீரில் இரத்தமோ புரதமோ இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். அண்ணிக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வளவையும் வைத்து நான் எடுத்த நிலை இது: சின்னண்ணன் முதலில் பரிசோதனைக்குப் போகட்டும். உடல் அளவு பொருந்துகிறது, பிள்ளை பெற வேண்டிய உடம்பு இல்லை, குடும்பத்தில் நோயாளியைப் பராமரிக்கும் கை அவருடையது மட்டுமல்ல. அவருக்கு ஆகாது என்றால் அண்ணி. நான் மூன்றாவது. ஆனால் இது திசுப் பரிசோதனை வரும்வரைதான். உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, அறவே பொருத்தமில்லாமல் போகவும் நான்கில் ஒரு வாய்ப்பு, பாதிப் பொருத்தத்துக்கு இரண்டில் ஒன்று. நான் முழுப் பொருத்தம், சின்னண்ணன் அறவே இல்லை என்று வந்தால் நான் மறுபடி யோசிப்பேன். முழுப் பொருத்தமுள்ள சிறுநீரகம் நீண்ட நாள் உழைக்கும் என்பது எலியில் பார்த்தது இல்லை, மனிதர்களில் பல பத்தாண்டுகளாகப் பார்த்தது. அந்தக் காரணத்துக்காக என்னைக் கேட்டால் நான் தயார். பெரியண்ணனுக்கு முன்பு இரண்டு முறை இரத்தம் ஏற்றியிருப்பதால் அவர் உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கலாம். குறுக்குப் பொருத்தப் பரிசோதனையில் யாருடைய செல்லை அது தாக்குகிறதோ அவர் உடனே விலக வேண்டியிருக்கும்.

இரத்தம் திரும்பும்போது வரும் சேதத்தை வேறு வழியில் குறைக்க முடியாதா என்று சின்னண்ணனே கேட்டார். அண்ணனுக்கு அறுவைக்கு முன் பெண் ஹார்மோன் ஊசி போட்டால்? மாற்றுச் சிறுநீரக அறுவைக்கு அப்படி ஒரு சிகிச்சை நடைமுறையில் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், புதிதாகத் தைத்த இரத்தக் குழாயில் உறைவு வந்தால் உறுப்பே போய்விடும். கையில் இரத்த அழுத்தப் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தி, உடம்பை முன்கூட்டியே பழக்கும் முறையையும் சோதித்திருக்கிறார்கள். 2015-ல் வெளிவந்த இதய அறுவை ஆய்வுகளில் ஒன்று பலன் உண்டு என்றது, இரண்டு பெரிய ஆய்வுகள் பலன் இல்லை என்றன. அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

போன மாதம் பட்டர்வொர்த் போனேன். கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி நான்கு மணி நேரம், எழுதி வைத்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு. கூடத்தில் மறுபடி எல்லாரும் உட்கார்ந்தோம். மாமாவின் செய்தி பொய் இல்லை, ஆனால் அது கொடுப்பவரைப் பற்றியது அல்ல, பெறுபவரைப் பற்றியது என்று சொன்னேன். அண்ணியின் எடையை, கனடா ஆய்வை, ஆண் கொடையாளிகளின் 5.1-ஐ, எதையும் மறைக்காமல் சொன்னேன். பெரியண்ணன் கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "யாரும் கொடுக்காட்டியும் நான் இப்படியே இருந்துக்குவேன்" என்றார். அம்மா அழுதார்.

சின்னண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். கோபமோ என்று பயந்து பின்னாலேயே போனேன். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, மதில்மேல் வைத்துவிட்டு நின்றார். "அன்னைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்மா. என்னை யாருமே கேக்கலையே" என்றார்.

அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. சிறுநீரில் இரத்தமும் இல்லை, புரதமும் இல்லை. இன்று காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கும் பெரிய பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் முதல் தடவை போவதை அதில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சின்னண்ணா. முதல் தடவை போறதைக் கொட்டிட்டு, அந்த நேரத்தைக் குறிச்சு வைங்க. அதுக்கப்புறம் போற ஒவ்வொண்ணையும் சேருங்க. நாளைக்குக் காலையில அதே நேரத்துக்குப் போறதையும் சேர்த்து மூடிடுங்க. பாட்டிலைக் குளிர்ச்சியான இடத்துல வைங்க."

"சரிம்மா, ஐந்து முப்பத்தைந்து, குறிச்சுக்கிட்டேன்" என்றார்.